கடல் வரைபடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம்

இந்த வருடம் அளவைப் பகுதியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாட்டின் பாதுகாப்பைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டு உங்கள் பொறுப்பதிகாரி அன்புவழிபுரத்துக்கு, என் வீட்டுக்கே வந்துவிட்டார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆள் கதிரையை விட்டு எழும்பவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

ஒற்றர் கதை எதிர்பார்த்தால் இதை இப்போதே மடித்து வைத்துவிடுங்கள். என் சேவைக்காலம் முழுவதிலும் நான் ஒரு ஒற்றனைக் கூடக் கண்டதில்லை. கண்டிருந்தாலும் எனக்கு விளங்கியிருக்காது. நான் கண்டவர்கள் நல்ல மனிதர்கள். அவர்கள் கொண்டுவந்தவை நல்ல கருவிகள். வந்த கடிதங்களும் நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டவைதான். வந்த சேதம் எல்லாம் அந்த வழியால்தான் வந்தது. அதில் ஒன்று என்னால் வந்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் வேலை கடலின் அடியை அளப்பது. அளந்ததில் பெரும்பகுதி யாரும் வாங்கக்கூடிய வரைபடங்களில் இருக்கிறது. கொஞ்சம் இருக்காது. துறைமுக வாயிலுக்கு வெளியே அப்படி ஒரு நீர்ப்பரப்பு. மீன்பிடி வள்ளங்கள் அதன் மேலால் தாராளமாகப் போகலாம், வரலாம். ஆனால் அதன் அடி எப்படி ஏறி இறங்குகிறது என்பதை வெளியே கொடுக்கக் கூடாது. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் வெளியே போகக் கூடாது. ஏன் என்று நான் கேட்டதில்லை. தண்ணீருக்கு மேலே போகிற கப்பல்கள் மட்டும்தான் உலகத்தில் இருக்கின்றன என்று நினைக்கும் அளவுக்கு நான் குழந்தையும் இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று ஒரு திட்டத்தோடு வந்தது. கடல் சூடேற ஏற மீன் எங்கே நகர்கிறது என்று அறிய வேண்டும். அதற்காக மீனவர்களுக்கு இலவசமாக ஒரு பெட்டி தருவார்கள். சவர்க்காரப் பெட்டியளவு. வள்ளத்தின் பின்பக்கம் பூட்டினால் கீழே எத்தனை மீற்றர் ஆழம், மீன் நிற்கிறதா இல்லையா என்று கைபேசியில் காட்டும். கரைக்கு வந்து சிக்னல் கிடைத்ததும், பார்த்ததையெல்லாம் கடல் கடந்து எங்கோ இருக்கும் கணினி ஒன்றுக்கு அனுப்பிவிடும். பெட்டி செய்தது ஒரு நாடு. உள்ளே இருக்கும் சில்லு இன்னொரு நாட்டில் செய்தது. கணினி மூன்றாவது நாட்டில். திட்டத்துக்குக் காசு கொடுத்தது வேறொரு நாடு. பாவிக்கப் போகிறவர்கள் சல்லிக் கிராமத்து மீனவர்கள். இதில் எந்த இடத்தில் நின்று எதைக் காவல் செய்வது?

கொழும்பு அனுமதி கொடுத்தது. தொழில்நுட்ப ரீதியில் ஆட்சேபணை உண்டா என்று எங்களைக் கேட்டார்கள். இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தவன் நான். அந்தக் கையெழுத்துக்காக இன்றைக்கும் நான் வருந்தவில்லை. அதே மாதிரிப் பெட்டியைக் கடையில் வாங்கலாம். நாங்கள் வேண்டாம் என்றால் சல்லியில் இருப்பவர்களுக்கு மீன் தெரியாமல் போயிருக்கும். உலகத்துக்குக் கடல் தெரியாமல் போயிருக்காது.

பிழை அதற்குப் பிறகுதான் நடந்தது. திட்டத்தின் ஆய்வாளர் ஓர் இளம் பெண். ஓர்ஸ் ஹில்லில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நேர்மையான பிள்ளை. ஆங்கிலத்தில் என்னிடம் நேரடியாகவே கேட்டார்: “நாங்கள் பதியக் கூடாத இடம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள். அந்தப் பக்கம் முழுவதையும் விரிவாக வெளியிடாமல் விட்டுவிடலாம்.”

“அப்படி ஒன்றும் இல்லை” என்றேன்.

இருக்கிறது என்று சொன்னால் இருப்பதைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்பது என் கணக்கு. பெரிய கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். “ஒரு கிழமை தாருங்கள், மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன்” என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளை நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு காலை நான் சல்லிக்குப் போனேன்.

பெட்டி பெற்றவர்கள் எல்லோரும் மீனவர் சங்கக் கட்டடத்தில் கூடியிருந்தார்கள். யோகன் முன் வரிசையில் இருந்தார். அவர் சங்கத்தில் தலைவரும் இல்லை, செயலாளரும் இல்லை. ஆனால் அவர் தலையாட்டிய பிறகுதான் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். கடலில் இடம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை, ஒரு கோபுரத்தையும் ஒரு மலையையும் என்று வையுங்கள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று வரும்படி நேராகப் பிடித்து, ‘இந்த இடம்’ என்று சொல்வார்கள். எங்கள் கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். யோகன் சொன்ன இடம் ஒரு வள்ளத்தின் நீளம்கூடப் பிசகாது.

கடலில் ஓரிடத்தில் மட்டும் பெட்டி எதையும் பதியக் கூடாது என்று நான் சொன்னேன்.

“அந்தப் பக்கத்தால போகக் கூடாதோ சேர்?” என்று யோகன் கேட்டார்.

“போகலாம். பெட்டியை மட்டும் நிப்பாட்டிப்போட்டுப் போங்கோ. தாண்டின உடனே திரும்பப் போடுங்கோ.”

“எதிலயிருந்து எது மட்டும்?”

அவர்களுக்கு விளங்கும்படி, அவர்களுடைய அடையாளங்களை வைத்தே நாலு மூலையையும் சொன்னேன். எல்லோரும் வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு யோகன் சிரித்தபடி எழும்பினார்.

“அப்பிடியெண்டா சேர், எங்களுக்கு மீன் படுற இடங்களிலயும் நிப்பாட்டலாம்தானே? பக்கத்து வீட்டுக்காரனுக்கே சொல்லாத இடத்தை வெளிநாட்டுக்காரனுக்கு என்னத்துக்குக் குடுப்பான்?”

கட்டடமே சிரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“அது ஏலாது. ஆளாளுக்குக் கண்டபடி நிப்பாட்டினா ஆராய்ச்சி பழுதாப்போகும். நான் சொன்ன இடத்தில மட்டும் நிப்பாட்டுங்கோ. வேறெங்கயும் நிப்பாட்டக் கூடாது. விளங்கிச்சோ?”

“ஓம் சேர். நீங்கள் சொன்னா அதில ஏதும் இருக்கும்” என்றார் யோகன். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

இதில் எதையும் நான் எழுதிக் கொடுக்கவில்லை. எங்கள் பகுதியின் வழக்கம் அது. இரகசியம் என்றால் தாளில் வைக்காதே. தாளில் வைத்தால் கோப்பு, கோப்பு என்றால் பத்துக் கை. நான் சேர்ந்த நாளில் எனக்குச் சொன்னார்கள், நானும் எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சொன்னேன். அந்த வழக்கத்துக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. பிறகு ஏதாவது நடந்தால், சொன்னவன் சொல்லவே இல்லை என்று ஆகிவிடலாம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஐந்தாறு மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை காலை கொழும்பிலிருந்து தொலைபேசி. இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து பார் என்றார்கள். திறந்தேன். பல்கலைக்கழகம் வெளியிட்ட வரைபடம். நம்முடைய கடல். ஆழம் குறைந்த இடம் இளநீலம், கூடிய இடம் கருநீலம், வள்ளங்கள் ஓடிய இடமெல்லாம் புள்ளி புள்ளியாக நிறம். நடுவிலே ஒரு வெள்ளைக் கட்டம். நாலு மூலையும் வெட்டி எடுத்த மாதிரித் தெளிவாக இருந்தது. எங்கள் இரும்பு அலுமாரிக்குள் இருந்த எல்லைக் கோட்டையும் அதையும் நான் மனதுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அச்சொட்டாகப் பொருந்தியது.

வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் சிலர் முந்தி நிறுத்தியிருப்பார்கள், சிலர் பிந்தி, சிலர் மறந்தே போயிருப்பார்கள். விளிம்பு கலங்கியிருக்கும். சல்லி ஆட்கள் அப்படி இல்லை. அத்தனை வள்ளமும் அதே கோட்டில் பெட்டியை நிறுத்தி அதே கோட்டில் திரும்பப் போட்டிருந்தன. யோகன் கேட்டதற்கு நான் ஓம் என்றிருந்தால்கூடத் தப்பியிருக்கலாம். படம் முழுக்க இடியப்பத் தட்டு மாதிரி ஓட்டையாக இருந்திருக்கும். எங்களுடைய ஓட்டையை யாரும் தேடிப் பிடித்திருக்க மாட்டார்கள். வேறெங்கும் நிறுத்தக் கூடாது என்று சத்தம் போட்டு, அந்த ஒன்றை மட்டும் மிச்சம் வைத்தவன் நான். மறைக்க வேண்டிய எல்லையை உலகத்திலுள்ள எவனும் வீட்டிலிருந்து பார்க்கும்படி ஆக்கியாயிற்று, அதுவும் ஆராய்ச்சிக்குப் பழுதில்லாமல்.

நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதே காலையில் சல்லிக் கரையில் யோகனைப் பிடித்தார்கள். வெள்ளைக் கட்டத்தின் விளிம்பை ஒட்டி அதிகம் ஓடியது அவருடைய பெட்டி. அதனால் அவர். விசாரணை செய்தவர்கள் கையில் கிடைத்ததை வைத்துப் பார்த்தால் சந்தேகம் நியாயமானது: வெளிநாட்டுப் பெட்டி, வெளிநாட்டுக்குப் போகும் தகவல், அதற்குள் நாட்டின் இரகசிய எல்லை. வள்ளத்தையும் பெட்டியையும் கைபேசியையும் எடுத்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை அவரைக் கொழும்புக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. கொழும்புக்கு என்று வான் வண்டியில் ஏற்றப்பட்ட ஆள் எப்போது திரும்பி வருவார் என்பது இந்த மாவட்டத்தில் எவருக்கும் லேசான கேள்வி இல்லை. உங்களில் சிலர் வீட்டிலேயே அந்தக் கேள்வியோடு வளர்ந்திருப்பீர்கள்.

விசாரணை அதிகாரி எங்கள் பகுதியிடம் தொழில்நுட்ப அறிக்கை கேட்டார். எழுதியவன் நான்தான். வேறு யார் எழுதுவது?

செவ்வாய்க்கிழமை கொடுத்தேன். நாலு பக்கம். எத்தனை வள்ளம், எங்கே நிறுத்தப்பட்டது, எங்கே மீண்டும் இயங்கியது, இது கருவிக் கோளாறு அல்ல, வேண்டுமென்றே ஒழுங்காகச் செய்யப்பட்டது என்று எழுதினேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதைத் தட்டச்சு செய்தபோது அதன் நேர்த்தியில் எனக்குத் திருப்திகூட இருந்தது. யார் சொல்லி நிறுத்தினார்கள் என்பது தொழில்நுட்ப விஷயம் அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்துபோயிருந்தேன். அதற்கு வேறு பெயர் வைக்கத் தேவையில்லை.

புதன்கிழமை காலை யோகனின் மனைவி ராணி அலுவலகத்துக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

“நாளைக்கு அவரைக் கொழும்புக்குக் கொண்டுபோகப் போயினமாம் சேர்.”

“ஓம், கேள்விப்பட்டனான்.”

“நிப்பாட்டச் சொன்னது ஆர் எண்டுதான் திருப்பித் திருப்பிக் கேக்கினமாம். பற்றரியை மிச்சம் பிடிக்க நானாத்தான் நிப்பாட்டினனான் எண்டு சொல்லிப்போட்டாராம்.”

“ஏன் அப்பிடிச் சொன்னவர்?” என்று கேட்டேன்.

“அவர் உங்கட பேரைச் சொல்லி, நீங்கள் இல்லையெண்டு சொன்னா, அவர் பொய்காரனும் ஆயிடுவார்தானே சேர். இப்ப ஒரு குற்றம். பிறகு ரெண்டு.” அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. சாமான் விலை சொல்வது போலச் சொன்னார். “மற்ற ஆக்களுக்கும் என்னட்டச் சொல்லி விட்டிருக்கிறார், சேரின்ர பேரை எடுக்க வேண்டாமெண்டு. உங்களுக்கும் பிள்ளையள் இருக்கெல்லோ.”

“பாப்பம். நான் ஆக்களோட கதைக்கிறன்” என்றேன்.

ராணி போனார். நான் யாரோடும் கதைக்கவில்லை. அன்றைக்கு முழுவதும் வேறு கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் எனக்கு வெட்கமாக இருப்பது அந்தப் புதன்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை சல்லியில் செய்தது அறியாமை. புதன்கிழமை எனக்கு எல்லாம் தெரியும்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டார். சிங்களவர், என்னைவிட வயதில் குறைந்தவர், அமைதியான மனிதர். ஆங்கிலத்தில் பேசினோம். என் அறிக்கை அவர் முன்னால் இருந்தது.

“நல்ல அறிக்கை” என்றார். “எல்லாம் இருக்கிறது. ஒன்றுதான் இல்லை. இந்த எல்லை எங்கே என்று ஒரு மீனவருக்குத் தெரிய வழியே இல்லை. ஆனால் எல்லோரும் சரியாக அந்தக் கோட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இந்த ஊரில் அந்தக் கோடு தெரிந்தவர்கள் எத்தனை பேர்?”

“சிலர்.”

“சல்லிக்குப் போய்வருகிறவர்கள்?”

மேசையில் ஒரு வெற்றுத்தாள் இருந்தது. அதை என் பக்கம் தள்ளினார்.

“வான் இரண்டு மணிக்கு வரும். நான் உங்களைக் கேட்டு நீங்கள் எழுதினால் அது வாக்குமூலம். நீங்களாக எழுதினால் அறிக்கையில் விடுபட்ட பகுதி. நான் தேநீர் குடித்துவிட்டு வருகிறேன்.”

அவர் திரும்பி வரும்போது ஆறு வரி எழுதி முடித்திருந்தேன். இன்ன நாள், இன்ன இடத்தில், இன்ன எல்லைக்குள் கருவியை நிறுத்தும்படி மீனவர்களுக்கு வாய்மொழியாகச் சொன்னது நான். எல்லையின் காரணம் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பதியக் கூடாத இடம் உண்டா என்று ஆய்வாளர் கேட்டபோது இல்லை என்று சொன்னதும் நான். அவர் இரண்டு தரம் வாசித்தார். வான் வந்தது, வெறுமையாகவே திரும்பிப் போனது. பின்னேரம் யோகனை விட்டார்கள்.

எனக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். கண்டனக் கடிதம் வந்தது, வர இருந்த பதவி உயர்வு வரவில்லை, என்னைக் களஞ்சியப் பகுதிக்கு மாற்றினார்கள். கடைசிக் காலத்தைக் கயிறும் வண்ணப்பூச்சும் பார்த்துக் கழித்தேன். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. ஆய்வாளரிடம் மேலிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் ஒரே நாளில் வரைபடத்தில் அந்தக் கடற்பகுதி முழுவதையும் மங்கலாக்கிவிட்டார். முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் எனக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தார். ஆனால் இணையத்தில் ஒருமுறை ஏறியதை எத்தனை பேர் இறக்கி வைத்துக்கொண்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? அது போனது போனதுதான்.

அதிகாரி அன்று அந்தத் தாளைத் தள்ளியிருக்காவிட்டால் நான் எழுதியிருப்பேனா? இதை எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். தெரியாது.

சனிக்கிழமை சல்லிக்குப் போனேன். யோகன் கரையில் வள்ளத்தின் இயந்திரத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் உப்புத் தண்ணியோடு சும்மா கிடந்ததில் துருப் பிடித்துவிட்டதாம். என்னைக் கண்டதும் எழும்பினார், மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

“யோகன், நான் செய்தது பிழை” என்றேன்.

“அதை விடுங்கோ சேர். நீங்கள் எழுதிக் குடுத்தபடியால்தான் விட்டவை எண்டு சொன்னவை.” துணியைக் கீழே வைத்தார். “எத்தினை பக்கம் எழுதினீங்கள் சேர்?”

“பக்கமெண்டு இல்லை. ஆறு வரி.”

“ஆறு வரிக்கு மூண்டு நாளோ?”

அவர் இயந்திரத்தைத் திரும்பப் பூட்டத் தொடங்கினார். நான் புறப்படத் திரும்பியபோது கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

“சேர், அதையே எனக்கும் ஒரு துண்டில எழுதித் தாங்கோ. நிப்பாட்டச் சொன்னது நீங்கள் எண்டு. கையெழுத்தும் வையுங்கோ.”

“இப்ப என்னத்துக்கு? விஷயம் முடிஞ்சுதானே.”

“எழுதித் தாங்கோ சேர்.”

வள்ளத்தின் விளிம்பில் தாளை வைத்து எழுதிக் கொடுத்தேன். என் சேவையிலேயே வழக்கத்தை மீறி வெளியாள் ஒருவருக்கு நான் தாளில் எழுதிக் கொடுத்த ஒரே இரகசியம் அதுதான். அவர் அதை எழுத்துக்கூட்டி முழுவதும் வாசித்த பிறகுதான் மடித்தார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் மரக்கறிச் சந்தையில் ராணியைக் கண்டேன். சுகம் விசாரித்தேன். யோகன் இன்னும் கடலுக்குப் போகிறாராம். அடையாள அட்டையோடு அந்தத் துண்டையும் பொலித்தீன் பையில் சுற்றி ஒவ்வொரு நாளும் கொண்டுபோகிறாராம். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

“நான் இப்ப வேலையிலயும் இல்லை, பிள்ளை. அந்தத் துண்டு இனி ஒண்டுக்கும் உதவாது எண்டு அவரிட்டச் சொல்லுங்கோ” என்றேன்.

ராணி கத்தரிக்காயைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்:

“உங்களை ஒருக்காவும் பிடிச்சுக்கொண்டு போகேல்லத்தானே சேர்.”